சத்தம் போடாத பெட்டி

கண் சொருகியது ஒரே ஒரு கணம்தான் என்று சொல்லிவிட்டு அவள் கணவன் சிரித்தான். காலையில் வேலை முடித்து வந்து, வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். எப்போதும் இரவுப் பணி. நோயாளியை மருத்துவமனையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது நடந்ததாம். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்னை விடாமல் அழுத்தியிருக்கிறார். திடுக்கிட்டுப் பார்த்தால் வண்டி சாலையின் நடுத்தடுப்பை உரசிக்கொண்டு போகிறது. பக்கக் கண்ணாடி தெறித்து விழுந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

அவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"பகல்ல சரியா தூங்கலையா?"

"தூங்கினேனே. நடுநடுவுல முழிப்பு வந்துச்சு, அவ்வளவுதான்."

சொன்னவனின் கண்கள் அரைநொடி அவளுடைய மேசைப் பக்கம் போய்த் திரும்பின. அவன் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் அவள் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டாள்.

மேசைக்குக் கீழே இருந்தது அவளுடைய கம்ப்யூட்டர். அவர்கள் குடியிருந்தது ஒரு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. அறையின் ஒரு பாதியில் கட்டில். மறுபாதியில் அவள் மேசை. நடுவில் கம்பியில் ஓடும் கனத்த திரை. அவளுக்கு வீடியோ எடிட்டிங் தொழில். பள்ளிப் பாடங்களைப் படம் பிடித்து விற்கும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். காலையில் கணக்கு வாத்தியாரின் பாடம் வந்து சேரும். அவர் கணக்கில் புலி, ஆனால் மூன்று வரிக்கு ஒருமுறை இருமுவார். அந்த இருமல்களை எல்லாம் வெட்டி எடுத்து, கரும்பலகைப் படங்களைச் சேர்த்து, சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். வெட்டுகிற வரைக்கும் கம்ப்யூட்டர் சாதுவாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து முழுப் படமாக ஆக்க ரெண்டர் போட்டதும் அதன் குணம் மாறிவிடும். உள்ளே இருக்கும் ஃபேன்கள் எல்லாம் ஒன்றாக எகிறும். எல்லாவற்றையும் அடக்கும் வெளிப்பெட்டி, அதாவது கேபினெட், தகரம் மெலிந்த பழசு. அதுவும் சேர்ந்து நடுங்கும். மிக்ஸியில் யாரோ கூழாங்கல்லைப் போட்டு அரைப்பதுபோல இருக்கும்.

இரவில் வேலை செய்யலாமே என்றால், அதையும் செய்து பார்த்தாள். நிறுவனத்துக்காரர்கள் பகலில் கூப்பிட்டுத் திருத்தம் சொல்வார்கள்; உடனே செய்து தர வேண்டும். இரண்டையும் இழுத்துப் பிடித்ததில் ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்தாள். அவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமே என்றால், அவசரத்துக்கு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் கேட்காமல் போய்விடும் என்று அவன் பயந்தான்.

ஆக, குற்றவாளி யார் என்பது அன்று காலையிலேயே அவள் மனதில் முடிவாகிவிட்டது. இந்தப் பெட்டியை மாற்றியே தீருவது.

முடிவு எடுப்பது சுலபமாக இருந்தது. பெட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் உயிரை எடுத்தது. வேலைக்கு நடுவிலும் சாப்பிடும்போதும் கேபினெட்டுகளைப் பற்றியே படித்தாள். ஒருவர் ஆகா என்று புகழ்ந்ததை அடுத்தவர் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். முகப்பு முழுக்க வலை வைத்தது ஒன்று. காற்று தாராளமாக உள்ளே போகும். உள்ளே இருக்கும் சத்தமும் அதே தாராளத்தோடு வெளியே வரும். முகப்பைக் கதவு போட்டு மூடி, உட்புறம் தடித்த பஞ்சு ஒட்டியது இன்னொன்று. சத்தம் வெளியே வராது. ஆனால் சூடும் வெளியே போகாது. பெரிய ஃபேன்கள் பொருத்திய ராட்சசப் பெட்டிகளும் இருந்தன. அவற்றில் ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினாலே போதும், குளிர்ச்சியும் உண்டு, அமைதியும் உண்டு. அதை வைக்கத்தான் வீட்டில் இடம் கிடையாது. மேசையின் இழுப்பறைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை அவள் டேப் வைத்து அளந்தாள். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தாள். கட்டிலில் கிடந்தவன் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"என்ன, சுவருக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"நீங்க தூங்குங்க!" என்றாள். சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் தவறாமல் நாத்தனாரின் ஃபோன் வரும். அவனுடைய அக்கா, தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். ஃபோனை எடுத்ததும் நலம்கூட விசாரிக்க மாட்டாள்.

"தம்பி தூங்கிட்டானா?"

"தூங்குறாரு அண்ணி."

"நல்லா தூங்குறானா, சும்மா தூங்குறானா?"

"நல்லாத்தான் தூங்குறாரு அண்ணி."

"நீ அந்த மெஷினை ஓட்டாம இருக்கியா?"

இதற்கு மட்டும் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். நடுத்தடுப்பில் உரசிய விஷயத்தை அவள் நாத்தனாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பேருந்தில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடுவாள். அவளையும் அந்த அறையில் எங்கே படுக்க வைப்பது?

ஒரு விடுமுறை நாளில் கடைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே தொடங்கி உள்ளே நீண்டுகொண்டே போகும் கடை. சுவரெல்லாம் கேபினெட்டுகள் அடுக்கியிருந்தன. பாதி பெட்டிகளுக்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைக்காரர் வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுகிறவர்.

"இதைப் பாருங்க மேடம். பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ள விளக்கு. இப்ப இதுதான் பறக்குது."

"விளக்கு வேண்டாம்ணே. பகல்ல ஒருத்தர் பக்கத்துலயே தூங்குறாரு. திரையைத் தாண்டி கட்டில் மேல வெளிச்சம் அடிக்கும்."

"விளக்கை அணைச்சு வச்சுக்கலாம்."

"கண்ணாடி அதிருமாமே? பஞ்சும் ஒட்ட முடியாதாம்."

கடைக்காரர் வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கீங்க. சரி, உங்களுக்கு வேலை என்ன?"

சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டர் போடுறவங்களுக்கு நான் வலை வச்சதைத்தான் கொடுப்பேன். சத்தமா இருக்கட்டுமே, சாமான் பத்திரமா இருக்கும்ல? தூசி கொஞ்சம் சேரும், மாசம் ஒருதடவை தட்டிவிட்டுக்கணும்."

"எனக்குச் சத்தம் வரக் கூடாது. அதுதான் முக்கியம்."

"அப்ப கதவு போட்டதுதான். ஆனா சொல்லிட்டேன், சூடாகும். அப்புறம் உங்க கிராபிக்ஸ் கார்டு நீளம் என்ன?"

அவள் அளந்து வைத்திருந்ததைச் சொன்னாள். அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டும் கூண்டைக் காட்டினார். கூண்டு இருந்தால் கார்டு இடிக்கும். கார்டு வேண்டும் என்றால் கூண்டைக் கழற்ற வேண்டும். கூண்டைக் கழற்றினால் டிஸ்க்கை அடித்தளத்தில் தகரத்தின்மேல் திருகி வைக்க வேண்டும்; அது சுற்றும்போது தகரம் முனகும்.

"சத்தம் வேண்டாம்னு வாங்குற பெட்டியில அது வேற ஒரு சத்தமா?" என்றாள். அழுகை வராத குறை.

"அடியில ரப்பர் வைங்க, அடங்கிடும். மேடம், ஒண்ணு கேக்குறேன். நீங்க கேக்குற மாதிரி குளிர்ச்சியா, சத்தமில்லாம, சின்னதா, எல்லாம் உள்ள அடங்குற மாதிரி பெட்டி இருந்தா, நான் இத்தனை பெட்டிய ஏன் அடுக்கி வச்சிருக்கேன்? அந்த ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனே!"

கதவு போட்ட கறுப்புப் பெட்டியையே வாங்கினாள். ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வரும்போதே சந்தேகம் வந்துவிட்டது. வலை வைத்ததையே வாங்கியிருக்க வேண்டுமோ? பாதி வழியில் கடைக்காரரை ஃபோனில் கூப்பிட்டு, "நான் எடுத்தது சரிதானேண்ணே?" என்று கேட்டாள். "பில் போட்டாச்சு மேடம், இனிமே சரிதான்" என்றார் அவர்.

சாயங்காலம் அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு சமையலறைத் தரையில் துணியை விரித்து, பழைய பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதில் மாட்டினாள். மதர்போர்டை ஓரங்களில் மட்டும் பிடித்து இறக்கினாள். கூண்டு வெளியே வந்தது. கார்டு மயிரிழையில் உள்ளே அடங்கியது. பழைய ரப்பர் செருப்பு ஒன்றை வெட்டி ஹார்ட் டிஸ்க்குக்கு மெத்தை போட்டாள். எல்லாம் முடிந்து கதவை மூடி, பட்டனை அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. ஐயோ, ஏதோ வயரை விட்டுவிட்டோம் என்று குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே ஃபேன் சுற்றும் மெல்லிய மூச்சு. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது! தரையில் உட்கார்ந்தபடியே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு? தூங்கினீங்களா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்றான்.

அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஆனால் பயம் இடம் மாறியதே தவிர, போகவில்லை. இப்போது மானிட்டரின் ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். ரெண்டர் போட்டால் அந்த எண் ஏணியில் ஏறுவதுபோல ஏறியது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகும். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. அவள் கதவை ஒரு விரல் அளவு திறப்பாள். எண் கொஞ்சம் இறங்கும். சத்தம் கொஞ்சம் ஏறும். திரைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். பிறகு கதவைச் சாத்துவாள். எண் மறுபடியும் ஏறும். இப்படியே பாதி நாள் கதவோடு போராடினாள். நடப்பதுகூடப் பூனைநடைதான். சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

கணக்கு வாத்தியார் நீளமான பாடம் ஒன்றை எடுத்து அனுப்பிய நாளில்தான் அது நடந்தது. வெக்கையான மத்தியானம். ரெண்டரைப் போட்டுவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் கதவு மூடியிருந்தது. அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. தெருவிலும் ஆளில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தூக்கத்திலும் விழுங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெருமூச்சு. கட்டிலின் மரம் மெதுவாக முனகியது. சத்தம் வராமல் புரண்டு படுக்கப் பார்க்கிறவனின் பாரம் அது. பிறகு மூச்சு. அவளுக்கு மூச்சுகளைப் பற்றித் தெரியும். வாத்தியார் எந்த இடத்தில் மூச்சை இழுத்தால் அடுத்து இருமுவார் என்று கேட்டே சொல்லிவிடுவாள். உறங்குகிறவனின் மூச்சு தானாக வந்து தானாகப் போகும். இது அப்படி இல்லை. ஒருவன் தன் மூச்சைத் தானே ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தான், அவள் கேட்கட்டும் என்று.

அவள் எண்ணைப் பார்ப்பதை மறந்தாள். இன்றைக்கு மட்டும்தானா? பழைய பெட்டியின் உறுமலில் இதெல்லாம் எப்படிக் கேட்டிருக்கும்? எத்தனை நாளாக அவன் இப்படி விழித்துக் கிடக்கிறான்? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் என்று சொன்ன வாய்தானே? இந்தக் கண்ணோடுதான் தினமும் வண்டி எடுக்கிறானா? உள்ளே நோயாளியை வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கில் நிற்காமல் பறந்துகொண்டு?

எழுந்து திரையை விலக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் விலக்கினால் அவன் கண்ணை மூடிக்கொள்வான். அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. நாத்தனார்.

"தம்பி தூங்கிட்டானா?"

அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் சொன்னாள். "தூங்குறாரு அண்ணி."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தூங்கலைன்னு சொல்லு."

ஃபோனில் நாத்தனார், "யாரு அது? அவனா? என்னவாம்?" என்று கத்திக்கொண்டிருந்தாள். "அப்புறம் கூப்பிடுறேன் அண்ணி" என்று சொல்லி வைத்துவிட்டு அவள் திரையை விலக்கினாள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண்கள் கோவைப்பழம்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"அந்தத் தடுப்புல உரசினதிலேருந்து."

"அப்ப சத்தத்தால இல்லையா?"

"சத்தம் என்ன சத்தம்? நான் சைரனுக்குக் கீழ உக்காந்து ஓட்டுறவன். உன் மெஷின் எனக்குத் தாலாட்டு."

"பின்ன ஏன் சொல்லல? நான் பெட்டி பெட்டின்னு அலைஞ்சேனே, பைத்தியக்காரி மாதிரி!"

அவன் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தான். "அன்னைக்கு என் கண்ணு தற்செயலா மெஷின் பக்கம் போச்சு. சத்தத்தாலதான்னு நீயா நெனச்சுக்கிட்ட. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. பெட்டி மாத்தினா தூக்கம் வந்துடும்னு நானும் நம்பிப் பாத்தேன். படுத்த உடனே, தூங்கணும், இப்பவே தூங்கணும், தூங்கலைன்னா ராத்திரி மறுபடியும் கண்ணு சொருகும், இந்தத் தடவை உள்ள ஆள் இருப்பாங்கன்னு தோணுது. அந்த நெனப்பு வந்துட்டா அவ்வளவுதான். நெஞ்சு அடிச்சுக்குது. நீ வேற பூனை மாதிரி நடக்குற. இவ்வளவு பாடுபடுறாளே, இன்னும் தூங்காம கிடக்குறோமேன்னு, அது வேற."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அவன் கையைப் பிடித்தபோது அது பிசுபிசுவென்று வியர்த்திருந்தது.

"இன்னைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாது."

"எடுக்காம? ஆள் இல்ல. ஒருத்தன் லீவு."

"ஆள் இல்லைன்னா அவங்க பாத்துக்கட்டும்."

"நீ சொல்லுவ. நான் போய், எனக்கு வண்டி எடுக்க பயமா இருக்குன்னு சொல்லணுமா? டிரைவர் சொல்ற பேச்சா இது? அதோட சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவாங்க."

"பயமா இருக்குன்னு சொல்ல வேண்டாம். தூக்கம் இல்லைன்னு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "அந்த வண்டியில ஒருநாள் நானே படுத்திருக்கேன்னு வச்சுக்கோங்க. ஓட்டுறவர் தூங்கி ஒரு மாசம் ஆச்சுன்னு யாராவது எங்கிட்ட சொல்ல வேண்டாமா?" என்றாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு கடுமையாகச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அவன் தலை குனிந்தது.  பிறகு தலையணைக்குக் கீழே துழாவி ஃபோனை எடுத்தான்.

பணி ஒதுக்கும் அதிகாரியை அவன் கூப்பிட்டபோது அவள் அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சுற்றி வளைக்கவில்லை. "சார், நான் தூங்கி ரொம்ப நாளாச்சு. படுக்குறேன், தூக்கம் வரல. இந்த நிலைமையில வண்டி எடுத்தா தப்பாயிடும்" என்றான். மறுமுனைக் குரல் உயர்ந்தது; என்ன சொல்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.  வேலை போனது என்றே நினைத்தாள். வாடகை, அவன் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

கடைசியில் அவன், "சரி சார். சரி சார். வரேன் சார்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தான்.

"என்ன சொன்னாரு?"

"முதல்ல திட்டினாரு, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு. இன்னைலேருந்து வண்டி வேண்டாம், கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து ஃபோன் எடுன்னாரு. நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டுத்தான் பேச்சாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." அவனே நம்பாதவன்போல ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அப்போதுதான் அவளுக்கு ரெண்டர் ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். மானிட்டர் இருண்டு கிடந்தது. பெட்டி சூடு தாங்காமல் தானாக அணைந்துவிட்டிருந்தது. தொட்டால் கை சுட்டது. கணக்கு வாத்தியாரின் பாடம் பாதியில் நின்றுபோனது. அன்று சாயங்காலம் அனுப்ப முடியவில்லை. நிறுவனத்துக்காரர் கூப்பிட்டு, "வீட்டுல இருந்தே வேலைன்னா இப்படித்தான்" என்று ஆரம்பித்து, அரைமணி நேரம் புத்தி சொன்னார். வேறொரு நாளாக இருந்திருந்தால் அவள் இடிந்துபோயிருப்பாள். அன்று "சரிங்க, நாளைக்குக் காலையில தந்துடுறேன்" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவரிடம் போனார்கள். அவர் மாத்திரையைவிடப் பேச்சைத்தான் அதிகம் கொடுத்தார். தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடந்து மல்லுக்கட்ட வேண்டாம், எழுந்து வந்து உட்காருங்கள், கடிகாரத்தைக் கண்ணில் படாமல் வையுங்கள், இரவுப் பணியிலிருந்து கொஞ்ச நாள் விலகி இருங்கள் என்றார். ஒரே நாளில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. சில நாள் தூங்கினான். சில நாள் திரையை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாத்தியார் இருமுவதைப் பார்த்துச் சிரித்தான். விஷயம் தெரிந்ததும், அவள் பயந்தபடியே, நாத்தனார் வந்து இறங்கினாள். சமையலறையில் படுத்துக்கொண்டாள். தம்பியைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் ஊருக்குப் போனாள்.

பெட்டியை மாற்றித் தர முடியுமா என்று அவள் கடைக்காரரிடம் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அடியில் கீறல், கூண்டு கழற்றியது, செருப்புத் துண்டு ஒட்டிய பசை வேறு. இதை யார் வாங்குவார்? ஒரு யோசனை மட்டும் சொன்னார். அதன்படி அவள் வீட்டுக்கு வந்து, முகப்புக் கதவைக் கீலோடு கழற்றி எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த பஞ்சையும் முன்பக்கத்தில் மட்டும் பிய்த்தாள். பல் இல்லாத வாய்போல அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் எண் சிவப்புக்குப் போகாமல் நின்றது. சத்தமும் பழையதுபோல உறுமலாக இல்லை. தூரத்தில் மழை பெய்வது மாதிரி ஒரு இரைச்சல். அவள் அதோடு சமாதானம் ஆகிவிட்டாள்.

சில வாரங்கள் கழித்து அவனைப் பகல் பணியில் மறுபடியும் வண்டியில் ஏற்றினார்கள். முதல் நாள் அவன் கிளம்பிப் போன பிறகு, வீடு முழுக்க அவளுக்கே அவளுக்கு. எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். அவளால் ஒரு வெட்டுகூடச் சரியாக வெட்ட முடியவில்லை. தெருவில் சைரன் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். ஒருமுறை கணக்கு வாத்தியாரின் இருமலை விட்டுவிட்டு விடையை வெட்டிவிட்டாள்.

அவன் சாயங்காலம் முழுசாக வந்து சேர்ந்தான். பக்கக் கண்ணாடி இரண்டும் இருந்ததா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. பசி என்று தட்டின் முன் உட்கார்ந்தான். சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு ஏற்றிய ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னான்.

"நெஞ்சு வலின்னு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா, ஸ்ட்ரெச்சர்ல படுக்க மாட்டேங்குறாரு. முன்னாடி சீட்டுலதான் உக்காருவேன், எனக்குத்தான் குறுக்கு வழி தெரியும்னு அடம். நர்ஸ் கெஞ்சுறாங்க. அப்புறம் எப்படியோ படுக்க வச்சோம். உள்ளேருந்தே கத்துறாரு, இடது பக்கம் திரும்பு, அந்த டீக்கடையைத் தாண்டுன்னு. நான் திரும்பலைன்னா கோபம் வேற."

"ஐயையோ. அப்புறம்?"

"அப்புறம் பாலம் தாண்டினதும் திடீர்னு சத்தத்தையே காணோம். எனக்கு பக்குனு ஆயிடுச்சு. கண்ணாடியில பாக்குறேன்..."

"பாத்தா?"

 சுவரில் தலையைச் சாய்த்து, கையில் பிசைந்த சோற்றோடு, வாய் லேசாகத் திறந்தபடி அவன் தூங்கிப்போயிருந்தான். மூச்சு தானாக வந்து தானாகப் போனது. எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஈரத்துணியால் அவன் கையைத் துடைத்து, தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். விளக்கை அணைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டாள். அந்தப் பெரியவர் பிழைத்தாரா இல்லையா என்று தெரியாமல், விடியும்வரை அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை.